நாலாவது கடிதத்தின் கடைசி வரி

பத்து மணிக்குக் கல்லூரிக்குள்ளே மணி அடித்தது. வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்தினார். பட்டமுத்து வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுபது வயதில், நாற்பது வருஷம் கொடி பிடித்த கை, நடுத்தெருவில் பெண்பிள்ளைப் பையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறதே என்று தோன்றியது. தோன்றியதும், இப்படித் தோன்றுவதே பிற்போக்கு என்று தன்னைத் திருத்திக்கொண்டார். திருத்திக்கொண்ட பிறகும் பை கனத்தது. உள்ளே அவளுடைய செல்போன், மூக்குக்கண்ணாடிக் கூடு, பழுப்பு அட்டை போட்ட அந்த நோட்டு. அந்த நோட்டு இருப்பது அவருக்குத் தெரியும். திறக்க மாட்டார். பிறத்தியார் பையைத் திறப்பது போலீஸ்காரன் வேலை. இரண்டு தடவை வீட்டைச் சோதனை போட்டு அரிசிப் பானை வரைக்கும் கவிழ்த்தவர்களைப் பார்த்த கண் அவருடையது. மூன்று மணி நேரம் இருக்கிறது. ஆவுடையம்மாளுக்கு அறுபத்து மூன்று வயது. ஆரம்பப் பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். இன்றைக்குப் பரீட்சை மறுமலர்ச்சிக் கால இங்கிலாந்தின் சமூகம், பண்பாடு, இலக்கியம். காலையில் கேட்டுக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்தி, "பாட்டி, பேத்திக்குத் துணைக்கு வந்தியளா?" என்று கேட்டாள். "இல்லட்டீ, எனக்குத் துணைக்கு இவுக வந்திருக்காக" என்று ஆவுடையம்மாள் அவரைக் கை காட்டினாள். பிள்ளைகள் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தன. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் கன்னத்தில் ஒட்டவைத்த நோட்டீஸ் மாதிரி இருந்தது. துணைக்கு வந்தவன். பாளையங்கோட்டையில் துணைக்கு வந்து காத்திருப்பது அவளுடைய வேலை அல்லவா? இங்கிருந்து நடந்தால் பத்து நிமிஷம், ஜெயில் மதில். எமர்ஜென்சியில் பதினோரு மாதம் அவர் உள்ளே இருந்தபோது அந்த மதிலுக்கு வெளியே வெயிலில் இதே மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். மனு போட்டு, பெயர் கூப்பிடுகிற வரைக்கும். அப்போது அவள் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அவர் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாகப் பட்டதில்லை.

அவளுக்கு உலகத்தை விளக்கிச் சொல்லும் உத்தியோகம் நாற்பத்து நாலு வருஷமாக அவரிடம் இருந்தது. எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவர். நூற்புப் பிரிவில் நின்றுகொண்டே படித்தவர். முப்பத்திரண்டு பக்கச் சிறு வெளியீடுகள், கூட்டம் முடிந்ததும் தரையில் விரித்து விற்பார்களே, அதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். அதற்கு மேல் பக்கம் போன புத்தகத்தை அவர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். முப்பத்திரண்டு பக்கத்தில் சொல்ல முடியாத உண்மையை ஒருவன் முந்நூறு பக்கத்தில் ஏன் ஒளிக்கிறான்? காலையில் அவள் காய் நறுக்க, அவர் பேப்பரை உரக்க வாசிப்பார், இடையிடையே நிறுத்தி விளக்கம் சொல்வார். அவள் ‘ம்’ கொட்டுவாள். அந்த ‘ம்’ மேலே ஏறித்தான் அவர் அடுத்த தலையங்கத்துக்குப் போவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள், "அத நான் படிச்சிட்டேன்" என்றாள். சும்மாதான் சொன்னாள். அன்றிலிருந்து அவர் மனசுக்குள்தான் படிக்கிறார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, அம்பாசமுத்திரத்திலிருந்து ஏழு மணி பஸ், இந்தக் கல்லூரியின் மாடி அறை, பேராசிரியர் ஞானதிரவியம். ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். படிய வாரிய வெள்ளை முடி, கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை, கிறிஸ்தவக் கோவிலில் வேதபாடம் வாசித்துப் பழகிய தொண்டை. முதல் ஞாயிற்றுக்கிழமை பட்டமுத்துவும் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்தார். "சார் எந்த டிபார்ட்மெண்ட்?" என்று பேராசிரியர் மரியாதையாகத்தான் கேட்டார். "மக்கள் டிபார்ட்மெண்ட்" என்றார் பட்டமுத்து. நல்ல பதில் என்று நினைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பாடம் துணி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் யார் பட்டு உடுத்தலாம், யார் வெல்வெட் தொடலாம், யார் கம்பளியோடு நிற்க வேண்டும் என்று சட்டமே இருந்ததாம். பிறப்பும் அந்தஸ்தும் துணியில் தெரிய வேண்டும். ஆவுடையம்மாள் கையைத் தூக்கினாள். "சார், நம்ம தெக்கயும் அப்படித்தான இருந்துச்சு. யாரு தோள்சீல போடலாம், யாரு போடப்படாதுன்னு அடிச்சிருக்காங்க" என்றாள். பேராசிரியர் சாக்பீஸை வைத்துவிட்டு அவளைப் பார்த்து, "அருமை, டீச்சர்" என்றார். அருமை. அந்தத் தோள்சீலை விஷயத்தை அவளுக்குச் சொன்னது யார்? எழுபத்தைந்தில், மில் லைன் வீட்டுக் குடியிருப்பில், விளக்கு வெளிச்சத்தில், பதினாறு பக்க வெளியீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது யார்? விதை அவருடையது, அருமை அவளுக்கு, அதை அள்ளிக் கொடுத்தது அந்த ஆள். அவரே ஒரு நாளாவது அவளிடம் அருமை என்று சொல்லியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தார். ‘சரியான நிலைப்பாடு’ என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். மூன்றாவது ஞாயிறு, வேலி அடைப்பு பற்றிப் பேச்சு வந்தது. ஊர்ப் பொது நிலத்தை எல்லாம் பிரபுக்கள் வேலி போட்டு ஆட்டுக்கு விட்டார்கள், உழுது பிழைத்தவன் தெருவுக்கு வந்தான், தெருவில் திரிந்தால் கசையடி, காதில் ஓட்டை. பேராசிரியர் அதை ஐந்து நிமிஷத்தில் தாண்டிவிட்டு அரண்மனைக் கவிதைக்குப் போகப் பார்த்தார். பட்டமுத்து எழுந்து நின்றுவிட்டார். இருபது நிமிஷம் பேசினார். ஆட்டு ரோமத்தில் ஆரம்பித்து நூல் மில்லில் கொண்டுவந்து முடித்தார். பின்னால் இரண்டு பையன்கள் செல்போனைப் பார்த்தார்கள். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி சொல்லுததும் ஒரு கோணந்தான்" என்றார். ஒரு கோணம்! பதினோரு மாதம் ஜெயிலில் உட்கார்ந்து படித்ததை ஒரு கோணம் என்றுவிட்டான். அன்றைக்கு பஸ்ஸில் ஆவுடையம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அடுத்த வாரம் நீங்க வர வேண்டாமே, உங்களுக்கு முதுகு வலிக்கும்" என்றாள். முதுகு! அதற்கப்புறம் அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து பஸ் நேரத்தை எண்ணினார்.

வராத ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்ததெல்லாம் அவள் வாயால் துண்டுதுண்டாக வந்து சேரும். சாப்பாடு போடும்போது சொல்வாள். "சார் சொன்னாரு, நாடகக் கொட்டகையெல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கமாம், கரடிச் சண்டை நடக்கிற இடத்துக்குப் பக்கத்துலயாம். கொள்ளைநோய் வந்தா மொதல்ல அதத்தான் அடைப்பாங்களாம்." "சார் சொன்னாரு, பெரிய மனுசங்க கவிதைய அச்சுல விடுததே கேவலம்னு நெனப்பாங்களாம். கையால எழுதி சிநேகிதக்காரனுக்குக் குடுப்பாங்களாம். அவன் பாத்து எழுதி இன்னொருத்தனுக்கு. கை மாற மாற வரி மாறிப்போகுமாம், புதுசா வார்த்த சேருமாம், எழுதுனவன் பேரே காணாமப் போயிருமாம்." அச்சு கேவலமா? மிதி எந்திரத்தில் காலை வைத்து ராத்திரி பகலாக நோட்டீஸ் அடித்த காலை அவர் கீழே பார்த்தார். நரம்பு புடைத்த அந்தக் கால்தான். "சார் சொன்னாரு, அந்தக் காலத்து இங்கிலாந்து ராணி கலியாணத்தப் பத்தி எதுத்து எழுதுனவனுக்கு வலது கைய வெட்டிட்டாங்களாம். இடது கையால தொப்பியத் தூக்கி மரியாத செஞ்சுட்டு மயங்கி விழுந்தானாம்." இதைச் சொன்னபோது மட்டும் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நம்ம ஆள் ஒருத்தன் அங்கேயும் இருந்திருக்கிறான். ஆனால், ‘சார் சொன்னாரு’ முன்னால் நின்று வழியை மறித்துக்கொண்டது. அரண்மனையே பொறாமையில்தான் ஓடியதாம், ராணி யாரைப் பார்த்துச் சிரித்தாள், யாருக்குக் கையுறை கொடுத்தாள் என்று ஒருவன் மேல் ஒருவன் எரிந்துகொண்டே கவிதை எழுதினார்களாம். நிலப்பிரபுத்துவக் கழிசடைகள் என்றார் பட்டமுத்து. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கிற தன்னை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் போன திங்கட்கிழமை. அந்தப் பழுப்பு அட்டை நோட்டு மேசையில் விரிந்து கிடந்தது. விரிந்து கிடந்ததைப் பார்ப்பது சோதனை ஆகாது. அதுவும் பேராசிரியர் சொல்லிக் கொடுத்த பழக்கம்தான். அந்தக் காலத்தில் படித்தவர்கள் ஆளுக்கொரு நோட்டு வைத்திருப்பார்களாம், மனசில் தைத்த வரிகளைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்து எழுதி வைப்பார்களாம், நட்பு, அதிகாரம், சாவு என்று. வகுப்பில் எல்லோரையும் ஒரு நோட்டு போடச் சொன்னாராம். ஆவுடையம்மாள் தமிழில் தலைப்பு எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தாள். ‘பிரிவு’ என்ற தலைப்பின் கீழ் ஏழு ஆங்கில வரிகள், ஓரத்தில் எழுதியவர் பெயர்கள். எட்டாவது தமிழில். ஓரத்தில் பெயர் இல்லை. அதை அவர் ஒரு கூட்டத்து நோட்டீஸின் பின்பக்கத்தில் பார்த்து எழுதிக்கொண்டார். எழுதும்போது ஒரே ஒரு வார்த்தையில் கை நின்றது, அதைத் தாண்டி எழுதிவிட்டார். அந்த நோட்டீஸ் நாலாக மடிந்து ஒரு வாரமாகச் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை மாறும்போது அதுவும் மாறும். இப்போதும் எடுத்தார், விரித்தார். மனப்பாடம் ஆகிவிட்டதுதான். ‘இங்கே மழை. அங்கே கொடியில் கிடக்கும் சேலையை யார் எடுத்திருப்பார்கள் என்று நினைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.’ இங்கே என்றால் பாளையங்கோட்டை. அங்கே என்றால் அம்பாசமுத்திரம். மனைவி இல்லாத வீட்டில், ஜன்னலோரம், மழையைப் பார்த்துக்கொண்டு, ஒரு கஞ்சி போட்ட சட்டை உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு அதன் முதுகு வரைக்கும் தெரிந்தது. அவன் எப்போது அவள் வீட்டுக் கொடியைப் பார்த்தான்? பின்வாசல் கொடி தெருவுக்குத் தெரியாதே. தலைமறைவில் இருந்தவருக்கு எழுத்தைப் படித்து ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியும். சுவரொட்டி வாசகத்தைப் பார்த்தே எந்தக் கிளை எழுதியது என்று சொல்லுவார். இது சிரமமே இல்லை. ‘யார் எடுத்திருப்பார்கள்’ என்கிறான். யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்கிறான். அவள் வீட்டில் ஒரு தடியன் இருக்கிறான், மழை வந்தாலும் எழுந்து போய்ச் சேலையை எடுக்க மாட்டான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை யார் அவனிடம் சொன்னது? இன்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். பரீட்சைக்கு முன்னால் கேட்டால் அவள் எழுத்து கெடும். அந்த அளவுக்கு அவர் மோசமானவர் இல்லை. ஒரு மணிக்கு அவள் வெளியே வருவாள். நோட்டீஸை நீட்டுவார். யார் இவன்? அந்த ஒரு கேள்விதான். அவள் என்ன சொன்னாலும் அதற்கப்புறம் அம்பாசமுத்திரம் போகிற பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார முடியுமா என்பது அவருக்குத் தெரியவில்லை.

வானம் மூடிக்கொண்டு வந்தது. கார்த்திகை மாதத்து மூட்டம், பெய்யவும் செய்யாமல் போகவும் செய்யாமல் இருந்தது. பதினொன்றரை இருக்கும், கேட்டின் சின்னக் கதவு திறந்தது, வெளியே வந்தது அந்த ஆள்தான். கையில் பிளாஸ்க். நேராகப் பெஞ்சுக்கு வந்தார். "அண்ணாச்சி, இங்கயா இருக்கிய? ஆபீஸ் ரூம்ல ஃபேன் இருக்கே, உள்ள வாங்க" என்றார். "காத்து இங்கயே நல்லா வருது" என்றார் பட்டமுத்து, இலை அசையாத வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு. நோட்டீஸை மடிக்க நேரமில்லை. கைப்பைக்கு அடியில் தள்ளினார். பேராசிரியர் கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்தார். மூடியில் காப்பி ஊற்றி நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தவர் வாங்கிக் குடித்துவிட்டார்; நல்ல காப்பியாக வேறு இருந்து தொலைத்தது. "டீச்சர் நல்லா எழுதுவாங்க. நாப்பது வருச சர்வீஸ்ல இப்படிப் படிக்கிற ஆள நான் பாக்கல." "எங்க வீட்ல எப்பவும் படிப்புதான்" என்றார் பட்டமுத்து. "அது தெரியுது. அண்ணாச்சி, ஒண்ணு உங்ககிட்ட கேக்கணும்னே இருந்தேன். போன மாசம் கிளாஸ்ல பிரிவு பத்தின கவிதையெல்லாம் பாத்தோம். நம்ம பாஷையில யாருக்காவது ஒரு வரி ஞாபகம் வருதான்னு கேட்டேன். டீச்சர் எந்திரிச்சு ஒண்ணு சொன்னாங்க. ‘இங்கே மழை. அங்கே கொடியில் கிடக்கும் உன் சேலையை யார் எடுத்திருப்பார்கள் என்று நினைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.’ கிளாஸே அமைதியாயிட்டு. நான் பதினாலு வரிக் கவிதையில பொரண்டு பொரண்டு நடத்துனத அந்த ஆளு ரெண்டு வாக்கியத்துல முடிச்சிட்டான். யாரு எழுதினதுன்னு கேட்டா சிரிக்காங்க, சொல்ல மாட்டேங்காங்க. நானும் லைப்ரரியெல்லாம் தேடிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, யாரு அந்தக் கவிஞர்?" ‘உன்’ என்ற அந்த ஒரு வார்த்தை, பட்டமுத்து தாண்டி எழுதிய வார்த்தை, பேராசிரியர் வாயிலிருந்து வந்து அவர் மடியில் விழுந்தது. "தெரியாது" என்றார். பேராசிரியரின் முகத்தைப் பார்த்தார். நடிப்பில்லை. அந்த முகத்தில் இருந்தது அவருக்கு நன்றாகத் தெரியும், ஒரு வாரமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிற முகம்தான். அந்த வரியை எழுதியவன் மேல் இவனுக்கும் எரிகிறது. பேராசிரியர் பிளாஸ்கை மூடிக்கொண்டு, "யாரா இருந்தாலும் கொடுத்துவச்ச ஆளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்படியானால் இவன் இல்லை. ஒரு வாரமாக இவனை மனசுக்குள் வைத்து எத்தனை கூட்டம் போட்டு எத்தனை கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியாயிற்று, எல்லாம் வீண். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முகம் தெரிந்த எதிரி போய் முகம் தெரியாத எதிரி வந்து உட்கார்ந்துவிட்டான், இவன் மழையோடு வந்திருக்கிறான், பழைய ஆள், வெகு காலமாக இருக்கிற ஆள். சிரிக்கிறாளாமே, சொல்லாமல் சிரிக்கிறாளாமே. அவரிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம்? எத்தனை வருஷத்துக்கு முந்தி இவன்? அவருக்குள் எதுவோ பின்னால் பின்னால் நடந்து ஜெயில் மதில் வரைக்கும் போனது. அந்தப் பதினோரு மாதம்தான் அவள் தனியாக இருந்தது. அப்போது வீட்டுக்கு வந்து போனவர்கள் யார்? ஜெயில் வார்டர் இசக்கி. கல்யாணம் ஆகாதவன், முகத்தில் எப்போதும் ஒரு சோகம். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பியின் உள்துணிக்குள் பட்டமுத்துவின் கடிதத்தை வைத்துத் தைத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் போவான். பதினோரு மாதத்தில் இருபத்திரண்டு கடிதம். அப்படியானால் அவன் அவள் வாசலில் இருபத்திரண்டு தடவை நின்றிருக்கிறான். தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பான். பின்வாசல் கொடியைப் பார்த்திருப்பான். பாளையங்கோட்டையில் காவல் கூண்டில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருப்பான். ‘இங்கே மழை.’ பட்டமுத்து எழுந்து நின்றார், உட்கார்ந்தார். வாட்ச்மேன் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தக் கடிதங்கள்! அவற்றை நினைத்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, அங்கேயாவது அவர் ராஜா. பீடிக்கட்டுக் காகிதத்தில் பொடி எழுத்தில் எழுதியவை. சிறைக்கடிதம் இயக்கத்தின் சொத்து, அதில் சொந்தக் கதைக்கு இடமில்லை என்பது அவர் தனக்குத்தானே போட்ட சட்டம். ‘தோழியர் ஆவுடையம்மாளுக்கு வணக்கம்’ என்று ஆரம்பிக்கும், ‘புரட்சி வாழ்த்துகளுடன்’ என்று முடியும். நடுவில் வரலாறு. அவள் ஒவ்வொன்றையும் ஆறு பிரதி எடுத்து லைன் வீட்டுக் குடியிருப்புகளில் ஆறு தோழர்களுக்குச் சேர்ப்பாள். கார்பன் தாள் வாங்கினால் கடைக்காரன் போலீஸுக்குச் சொல்லிவிடுவான் என்று ஆறையும் கையாலேயே எழுதுவாள், டீச்சர் கையெழுத்து, மணி மணியாக. நாலாவது கடிதம்தான் இங்கிலாந்து. நிலம் ஆட்டுக்குப் போய் மனிதன் தெருவுக்கு வந்த கதை. இன்றைக்கு உள்ளே அவள் எழுதுகிற பரீட்சையை அவர் நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதிவிட்டார், பீடிக் காகிதத்தில். ‘வேலி போட்டவன் கையாலேயே வேலியைப் பிடுங்க வைப்போம்’ என்று முடித்திருந்தார். விடுதலையாகி வந்த அன்று சங்க அலுவலக வாசலில் மாலை மரியாதைக்கு நடுவில் தோழர் சங்கரபாண்டியின் மனைவி வேலம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அண்ணே, அந்த நாலாவது கடுதாசி. கடைசி வரியப் படிச்சிட்டு ரெண்டு நாளு நான் சோறு திங்கலண்ணே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதை அவர் மே தினக் கூட்டங்களில் சொல்லாத வருஷம் இல்லை. ஆட்டு ரோமத்தைப் பற்றி எழுதி ஒரு மில் தொழிலாளி வீட்டுப் பெண்ணை அழ வைத்தவன் நான், எழுத்து என்றால் அது என்று. பதினாலு வரிக்காரர்கள் எவனாவது அதைச் செய்திருப்பானா? வேலம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்தால் இப்போது, இசக்கி வந்தால் எவ்வளவு நேரம் இருப்பான் என்று கேட்கலாம். சீ, என்ன நினைப்பு இது! இருந்தாலும் கேட்கலாம்.

ஒரு மணிக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தன, கடைசியாக ஆவுடையம்மாள், வலது நடுவிரலில் மையோடு, முகம் வேர்த்து, பத்து வயது குறைந்தவள் மாதிரி. "டீ குடிப்போம்" என்றாள். எதிர்க்கடைக்குப் போனார்கள். "எப்படி?" என்றார். "பரவால்ல. வேலி அடைப்பு வந்திருந்துச்சு. நீங்க எழுதுனதத்தான் இங்கிலீஷ்ல எழுதினேன். நாலாவது கடுதாசி. ஆறு தடவ எழுதுன கையில்லா, மறக்குமா?" அவருக்கு ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டது. பேராசிரியர், இசக்கி, எல்லோரும் சிறுத்துப் போனார்கள். அந்த ஒரு நிமிஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை தானாகப் போய்ச் சட்டைப் பையைத் தடவியது. நோட்டீஸ் அங்கே இல்லை, கைப்பையின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, அவளே அதை எடுத்துவிட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "நோட்டத் தொறந்தியளா?" "மேசையில தொறந்துதான் கெடந்துச்சு." "அரிசிப் பானையக் கவுத்தவனும் அன்னைக்கு அப்படித்தான் சொன்னான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பேனாவின் மூடியைத் திறந்தாள். "பாத்து எழுதத் தெரியலயே உங்களுக்கு. ஒரு வார்த்தைய விட்டுட்டிய" என்று ‘சேலையை’ என்பதற்கு முன்னால் ஒரு கூரைக் குறி போட்டு மேலே ‘உன்’ என்று எழுதினாள். "யாரு இவன்?" என்றார் பட்டமுத்து. மைக் இல்லாமல் நாலு தெருவுக்குக் கேட்கிற குரல், டீக்கடைப் பெஞ்சைத் தாண்டவில்லை. "யாரா இருந்தாலும் சொல்லு. இசக்கியா?" அவள் அவரையே பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கினாள், அடங்கவில்லை. "அந்தப் பாவப்பட்ட மனுசனா? அவன் தண்ணி குடிக்கக்கூட நிமிந்து பாக்க மாட்டான். நீங்கதான் எழுதினிய." "நான் எழுதல." "தெரியும். நீங்க எழுதல." டீயை ஆற்றினாள். "கடுதாசி கடுதாசியா வரும். தோழியர்னு ஆரம்பிக்கும். ராணி வரும், ஆடு வரும், கம்பளி வரும். கடைசில வாழ்த்து. நான் இருக்கனா செத்தனான்னு ஒரு வரி இருக்காது. நாலாவது கடுதாசிய ஒரு ஞாயித்துக்கிழம எழுதிக்கிட்டிருக்கேன், நல்ல மழ. பின்வாசக் கொடியில சேல கெடந்து நனையுது. எந்திரிச்சுப் போயி ஈரக் கையோட வந்தா மசி அழிஞ்சிரும், எடுக்க வேற ஆளும் இல்ல. நனையுததப் பாத்துக்கிட்டே நாலாவது பிரதியில ஒங்க வாழ்த்துக்குக் கீழ அந்த வரியச் சேத்தேன். நீங்க எழுதுன மாதிரி." "நாலாவது பிரதியில மட்டுமா?" "அஞ்சுலயும் ஆறுலயும் சேத்தேன். பொறவு மொத மூணையும் எடுத்து அதுலயும் சேத்துட்டேன். பிரதின்னா ஒண்ணுபோல இருக்கணும்லா." டீச்சர் சொன்னாள். "கைப்பிரதி பத்திப் பதினஞ்சு மார்க்குக் கேள்வி இன்னைக்கு. பாத்து எழுதுறவன் ஏன் வரி சேக்கான்னு. எனக்குப் புஸ்தகமே தேவப்படல."

கடைசி வரி. ரெண்டு நாளு நான் சோறு திங்கலண்ணே. வேலம்மாவின் முந்தானை அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது, நாற்பத்திரண்டு மே தினங்கள் வந்தன, ஆட்டு ரோமத்தால் அழ வைத்தவன் என்று அவர் கையைத் தூக்கியதும் கைதட்டியவர்கள் வந்தார்கள். ஆறு வீட்டிலும் அவர்கள் அறிந்து வைத்திருந்த பட்டமுத்து வேறு ஒருவன். மழையில் மனைவியின் சேலையை நினைத்தவன். அவனுக்குத்தான் வேலம்மா பட்டினி கிடந்தாள், அவனுக்குத்தான் மாலை விழுந்தது, அவனைத்தான் பேராசிரியர் நூலகம் நூலகமாகத் தேடுகிறார், அவனை நினைத்துத்தான் இவள் வகுப்பில் சொல்லாமல் சிரித்திருக்கிறாள். அவருடைய பெயரில், அவருடைய கையெழுத்துக்குக் கீழே, ஒருவன் நாற்பத்திரண்டு வருஷம் அவர் வீட்டிலேயே குடியிருந்திருக்கிறான், அவர் காலையில் பேப்பர் வாசிக்கும்போதெல்லாம் அவள் அவனுக்குத்தான் ‘ம்’ கொட்டினாளோ என்னவோ. மற்ற எவனாக இருந்தாலும் சண்டை போடலாம். இவனை என்ன செய்வது? டீக்கடைத் தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. இரண்டு விழுந்தது. அப்புறம் எண்ண முடியவில்லை. காலையில் வீட்டைப் பூட்டும்போது பின்வாசல் கொடியில் நீல நூல்சேலை கிடந்ததை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் பூட்டினார். அது இப்போது நனைந்துகொண்டிருக்கும். சொல்ல வேண்டும் போல இருந்தது, வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இதை அவன் சொல்லியாயிற்று, அதுவும் இதைவிட நன்றாக. அவர் சொன்னால் பிரதிதான்.

"கொடியில சேல கெடக்கு" என்றார், மழையைப் பார்த்துக்கொண்டு.

ஆவுடையம்மாள் பேனாவை மூடினாள். "யாரு சேல?"

தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் பேச எழுந்தவர் மாதிரி ஒரு தடவை சுற்றுமுற்றும் பார்த்தார். டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"உன் சேலதான்" என்றார். சொன்ன குரல் அவனுடையது மாதிரி அவருக்கே கேட்டது. அதுவும் அவருக்கு எரிந்தது.